வெற்று நேரத்துக்கு முதல் இடம்: பிரிஞ்சாங்கில் ஒரு நிரலர் கூடல் நடத்தும் முறை

கட்டற்ற மென்பொருள் நிரலர்களைச் சில நாள் ஓரிடத்தில் கூட்டுவது என்று முடிவானதும் ஏற்பாட்டுக் குழு பெரும்பாலும் பேச்சாளர்களைத் தேடித்தான் முதலில் கிளம்பும். யார் பேசுவார், எத்தனை மணிக்கு, எந்த அறையில் என்று அட்டவணை கட்டம் கட்டமாக நிரம்பும். மிஞ்சும் இடுக்குகளில் தேநீரும் சாப்பாடும் வந்து உட்காரும். இங்கே நான் விளக்கப்போகும் முறை இதற்குத் தலைகீழ். யாரும் எதுவும் ஏற்பாடு செய்யாத நேரத்தை முதலில் குறித்துப் பூட்டிவிட வேண்டும். உரைகள் கடைசியில், மிச்சமிருக்கும் இடத்தில்.

ஆண்டு முழுவதும் திரை வழியாகச் சேர்ந்து வேலை செய்கிறவர்கள் இவர்கள். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் திருத்துவார். முகம் பார்த்திருக்க மாட்டார். உரையைக் காணொளியாகப் பதிந்துவிட்டால் எவரும் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த வரியை ஏன் இப்படி எழுதினீங்க?" என்று கேட்பதற்கு மட்டும் நேரில் வந்தாக வேண்டும். விமானச் சீட்டுக்குப் பணம் செலவழிப்பது அதற்காகத்தான். ஓப்பன்பிஎஸ்டி குழு 1999-இல் கனடாவின் கால்கரியில் தொடங்கிய ஹேக்கத்தான்களில் மேசையில் அமர்ந்து நிரல் எழுதுவதுதான் நிகழ்ச்சியே. டெபியன் குழு ஆண்டு மாநாட்டுக்கு முந்தைய வாரத்தை டெப்கேம்ப் என்று பெயரிட்டு வேலைக்கென ஒதுக்குகிறது. டெப்கான்ஃப் எனப்படும் அந்த மாநாடு 2023 செப்டம்பர் 10 முதல் 17 வரை கொச்சியில் நடந்தது. 35 நாடுகளிலிருந்து 470-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். டெப்கேம்ப் செப்டம்பர் 3-ஆம் தேதியே தொடங்கிவிட்டிருந்தது. பெங்களூரில் 2001-இல் தொடங்கி 2005-இல் ஃபாஸ்.இன் என்று பெயர் மாறிய மாநாடும் பிற்காலத்தில் உரைகளைக் குறைத்து, சேர்ந்து நிரல் எழுதும் அமர்வுகளுக்கு இடம் கொடுத்தது.

ஆனால் வெற்று நேரம் எல்லாருக்கும் ஒரேபோல் பயன்படுவதில்லை. பத்து ஆண்டு பழகியவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நேரே நண்பரின் மேசைக்குப் போய்விடுவார். முதல்முறை வந்த கல்லூரி மாணவிக்கு எந்த மேசைக்குப் போவது என்று தெரியாது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். விழுப்புரத்தில் 2023 ஜனவரியில் பொறியியல் கல்லூரியில் நடந்த மினி டெப்கான்ஃப் போன்ற கூட்டங்கள் தமிழ்நாட்டின் சிறு நகர மாணவர்களை இந்த உலகுக்குள் அழைத்து வருகின்றன. அப்படி உள்ளே வந்தவர்களை அடுத்த கூடலில் "இஷ்டம்போல் பேசிக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிட்டால் அவர்கள் மெல்ல நழுவிப் போய்விடுவார்கள். திட்டமிட்ட நேரம் வேண்டியிருப்பது இவர்களுக்காகவே. வெற்று நேரத்துக்குள் நுழைய அவர்களுக்கு ஒரு கதவு திறந்துவிட வேண்டும். அதற்கு மேல் திட்டம் எதற்கும் தேவையில்லை என்பது என் எண்ணம்.

எடுத்துக்காட்டுக்கு மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள பிரிஞ்சாங்கை எடுத்துக்கொள்கிறேன். தமிழ் விசைப்பலகை, எழுத்துரு, சொற்பிழை திருத்தி, எழுத்துணரி என்று தமிழுக்கான மென்பொருள் செய்யும் முப்பது பேர், ஐந்து நாள். பாதிப் பேர் மலேசியா, சிங்கப்பூர். மீதிப் பேர் தமிழ்நாடு, இலங்கை. மலைக்கிராமத்தில் இப்படிக் கூடுவது புதிதில்லை. சுவிட்சர்லாந்தின் ராண்டா என்ற சிற்றூரில் 2009 தொடங்கிச் சில ஆண்டுகள் கேடிஇ நிரலர்கள் ஒரே வீட்டில் தங்கி, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு வேலை செய்திருக்கிறார்கள். பிரிஞ்சாங் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர் அளவானது. நடந்தே போகத் தேநீர்க் கடைகள் உண்டு. பெருநகரத்தில் கூடினால் மாலை ஐந்தானதும் பாதிப் பேர் உறவினர் வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் கலைந்துவிடுவார்கள். மலையில் அது நடக்காது.

முதல் வேலை, கிழமை குறிப்பது. திங்கள் முதல் வெள்ளி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் தாண்டிக் கியா ஃபார்ம் சந்தை வரை வாகனங்கள் ஊர்ந்துதான் போகும். சில கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் கரைந்துவிடும். அறை வாடகையும் அந்த நாட்களில் ஏறிவிடும். அக்டோபர், நவம்பர் மழையைத் தவிர்ப்பது நல்லது. திங்கட்கிழமை பிற்பகலுக்குள் எல்லாரும் வந்து சேர வேண்டும், சனிக்கிழமை காலை இறங்க வேண்டும். தாப்பா வழி ஏறுகிறவர்களுக்கு வளைவுகள் தலையைச் சுற்றும். ஈப்போவிலிருந்து வருகிறவர்களுக்குச் சிம்பாங் பூலாய் சாலை அகலமானது. எந்த வழியானாலும் வந்திறங்கிய அன்று எவரையும் மேடையேற்றாதீர்கள்.

அடுத்து, பெரிய தாளில் ஐந்து நாளையும் வரைந்து, நம்மால் மாற்ற முடியாதவற்றை மட்டும் எழுதுங்கள். இங்கே பொழுது விடிய ஏழு மணி ஆகும். அதனால் காலைச் சாப்பாடு எட்டுக்கு. மலேசிய நேரம் இந்திய, இலங்கை நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ இணையம் வழி ஒருவர் சேர வேண்டுமென்றால் இங்கே பதினொன்றரை அடிக்கும்போதுதான் அங்கே ஒன்பது மணி. தொலைவிலிருப்பவர்களுக்கான அமர்வு எதுவானாலும் அது 11.30-க்கு. பிற்பகலில் மலையில் அடிக்கடி மழை பிடிக்கும். வெளியே போவதெல்லாம் காலையில். போ தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் மையத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. எனவே ஊர் பார்க்கும் நாள் புதன். சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம், குறைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போகிறவர்களுக்கு நேரம் விட வேண்டும்.

இப்போது அந்தத் தாளில் செவ்வாய், வியாழன், வெள்ளி மூன்று நாளும் பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்தே முக்கால் வரை பச்சை வண்ணத்தால் அடைத்துவிடுங்கள். அதுதான் வெற்று நேரம். அதற்குள் உரை கிடையாது, அறிவிப்பு கிடையாது, புரவலருக்கு நன்றி சொல்லும் கூட்டம் கிடையாது. காலையில் ஒரு உரை நீண்டுபோனால் அதன் இழப்பைக் காலையே தாங்க வேண்டும். பச்சைக் கட்டத்திலிருந்து ஐந்து நிமிடம்கூடக் கடன் வாங்கக் கூடாது. குழுவில் ஒருவருக்கு இதைக் காக்கும் பொறுப்பை மட்டும் கொடுங்கள். கடைசி வாரத்தில், "ரொம்ப முக்கியமானவர், அரை மணி நேரம் கொடுத்தால் போதும்" என்று ஒரு கோரிக்கை வந்தே தீரும். முடியாது என்று சொல்லும் உரிமை கட்டத்தைக் காப்பவருக்கு இருக்க வேண்டும். பண்போடு சொல்லலாம், ஆனால் சொல்லியே ஆக வேண்டும்.

நேரத்தை விட்டுவைத்தால் மட்டும் போதாது, அதற்கு இடமும் வேண்டும். விடுதியைப் பார்க்கப் போகும்போது மேடையுள்ள மண்டபத்தைக் காட்டுவார்கள். நீங்கள் மேசைகளைப் பாருங்கள். நான்கு பேர் ஒரே திரையை எட்டிப் பார்க்க முடிகிற மேசைகள் ஏழெட்டு, சத்தமில்லாமல் வேலை செய்ய ஓர் அறை, இரவில் பூட்டாத ஒரு கூடம், மழையிலும் நிற்க முடிகிற தாழ்வாரம். இருக்கைக்கு ஒரு மின்செருகி. மலேசியாவில் மூன்று செவ்வக முனை கொண்ட செருகிதான். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களிடம் இருக்காது. மாற்றிச் செருகிகளை ஈப்போவிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். மலையில் இணைய வேகம் விடுதிக்கு விடுதி மாறும். ஆகவே வேலைக்கு வேண்டிய களஞ்சியங்களையும் நிரல்பொதிகளையும் ஒரு சிறு கணினியில் இறக்கி எடுத்து வந்து உள்வலையில் பகிர்ந்துவிட்டால், முப்பது பேரும் ஒரே நேரத்தில் ஒரே கோப்பை வெளியிலிருந்து இழுக்க வேண்டியிராது. இணையம் அறுந்த பிற்பகல் வீணாய்ப் போகும் பிற்பகல்.

கூடலுக்கு மூன்று வாரம் முன்பு வருகிறவர் ஒவ்வொருவரிடமும் மூன்று வரி எழுதி வாங்குங்கள்: என்ன வேலை செய்கிறீர்கள், எங்கே சிக்கிக்கொண்டு நிற்கிறீர்கள், யாரோடு உட்கார விரும்புகிறீர்கள். இந்த மூன்றில் நடு வரிதான் பொன். ஆறு பேர் ஒரே இடத்தில் சிக்கியிருப்பது தெரிந்தால் அது ஒரு காலை அமர்வு. ஒருவருக்கு மட்டும் இருக்கும் சிக்கல் பச்சைக் கட்டத்துக்குப் போகட்டும். உரை வேண்டுமா, மேசை போதுமா என்பதை இப்படித்தான் தீர்மானிக்க வேண்டும். பேச விரும்புகிறவர்களின் பட்டியலிலிருந்து தொடங்கினால் நன்றாகப் பேசுகிறவர்களின் கூட்டமாக முடியும்.

திங்கட்கிழமை மாலையை மட்டும் இறுக்கமாகக் கட்டுங்கள். ஐந்து மணிக்கு அறிமுகம், ஆளுக்கு ஒரு நிமிடம்: பெயர், ஊர், சிக்கியிருக்கும் இடம். வேலை பார்க்கும் நிறுவனமும் பதவியும் வேண்டாம். அவற்றைக் கேட்ட மாத்திரத்தில் மாணவர்கள் தங்களைச் சுருக்கிக்கொள்வார்கள். அறிமுகம் முடிந்ததும் முதல்முறை வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பழையவரைத் துணையாகச் சேர்த்துவிடுங்கள். துணைக்கு இரண்டே கடமை. செவ்வாய் காலைச் சாப்பாட்டை அவரோடு சாப்பிட வேண்டும். செவ்வாய் பிற்பகல் பச்சைக் கட்டம் தொடங்கும்போது அவரைத் தம்மோடு ஒரு மேசைக்கு அழைத்துப்போய் அங்கிருப்பவர்களிடம், "இவங்க கிளிநொச்சியிலிருந்து வந்திருக்காங்க, எழுத்துருவில் வேலை செய்யறாங்க" என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை அவர்கள் தாமாகச் சொல்லிக்கொள்வது எவ்வளவு கடினம் என்பது பழையவர்களுக்கு மறந்துபோயிருக்கும்.

அன்றிரவு சாப்பாட்டுக்கு ஸ்டீம்போட்டே பொருத்தம். பிரிஞ்சாங்கில் குளிருக்கு அது ஊர் வழக்கம். ஹலால் கடைகளும் உண்டு. மேசை நடுவில் கொதிக்கும் சட்டி, சுற்றி ஐந்தாறு பேர். கீரையைப் போடு, காளானை எடு என்று கைகள் குறுக்கும் நெடுக்கும் போகும். சாப்பிட்டு முடிக்க ஒன்றரை மணி நேரமாவது ஆகும், யாரும் பாதியில் எழுந்து போக மாட்டார்கள். சைவச் சட்டிகளுக்குத் தனி மேசையும் கரண்டியும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். டெபியன் மாநாடுகளில் 2005-இல் ஹெல்சின்கியில் தொடங்கிய பாலாடைக்கட்டி, வைன் விருந்து இன்றும் தொடர்கிறது. அவரவர் ஊர்த் தின்பண்டத்தைக் கொண்டுவந்து பகிர்வது அதன் அழகு. நம் கூடலில் மணப்பாறை முறுக்கும் யாழ்ப்பாணத்துப் பனங்கட்டியும் அந்த வேலையைச் செய்யும். மதுவைச் சுற்றிக் கூடும் இரவுகளைக் கூடலின் பெயரில் நடத்தாதீர்கள். அங்கே வராதவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால் பெண்களும் முஸ்லிம்களும் மாணவர்களுமாக இருப்பார்கள். முக்கியமான முடிவு ஒன்று அந்த மேசையில் எடுக்கப்பட்டால் அவர்கள் மறுநாள் காலையில் செய்தியாகத்தான் அதைக் கேட்பார்கள்.

செவ்வாயிலிருந்து, புதன் நீங்கலாக, தினமும் காலை ஒன்பது மணிக்கு எல்லாரும் ஒரு வெண்பலகை முன் கூட வேண்டும். பிற்பகலுக்கு வேண்டிய பொருளை யார் வேண்டுமானாலும் சிறு தாளில் எழுதி, மேசை எண்ணைச் சேர்த்து ஒட்டலாம். இதற்கு முன்னோடி ஹாரிசன் ஓவன். ஓர் ஆண்டு பாடுபட்டு நடத்திய மாநாட்டில் எல்லாருக்கும் பிடித்தது காப்பி இடைவேளைதான் என்று கண்டு, 1985-இல் அவர் திறந்தவெளி முறையைத் தொடங்கினார். உனக்குப் பயனில்லாத, உன்னால் பயனில்லாத இடத்தில் இருந்தால் எழுந்து வேறிடம் போ என்பது அவர் வகுத்த ஒரே சட்டம். 2005-இல் பாலோ ஆல்ட்டோவில் பிறந்த பார்கேம்ப் அடுத்த ஆண்டே சென்னைக்கு வந்துவிட்டது. அதிலும் இதே பலகை, எழுந்து போகும் இதே சுதந்திரம். நம்மவர்களுக்கு இந்தச் சட்டத்தை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பெரியவர் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போவது மரியாதைக்குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம். மூத்தவர்களே முதலில் ஒருமுறை எழுந்து வேறு மேசைக்குப் போய்க் காட்டினால் இளையவர்களுக்குத் துணிவு வரும்.

பலகைக் கூட்டம் பதினைந்து நிமிடம்தான். பிறகு பத்து மணிக்கு ஒரு உரை, பதினொன்றரைக்குத் தொலைவிலிருப்பவர்களோடு ஒரு கலந்துரையாடல். காலை முடிந்தது. செவ்வாய், வியாழன் இரண்டு நாளுக்கும் இவ்வளவே.

பிற்பகலில் என்ன நடக்கும்? நடக்கக்கூடியது ஒன்றைக் கிட்ட வைத்துக் காட்டுகிறேன். ஈப்போ இளைஞர் ஒருவர் பழைய மலேசியத் தமிழ் இதழ்களைத் தேடும் கருவி செய்கிறார். சேலத்துப் பொறியாளர் ஒருவர் அச்சுப் பக்கங்களை எழுத்தாக்கிக் கோப்புகளாகத் தருகிறார். ஓராண்டாக வேலை நடக்கிறது, ஆனால் சில சொற்கள் தேடலில் சிக்குவதில்லை. இருவரும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள்.

"அக்கா, இதோ உங்க கோப்புல 'கொழுந்து' இருக்கு, கண்ணால பார்க்கிறேன். தேடினா வரமாட்டேங்குது."

"எங்கே தம்பி, நீங்க அடிக்கிறதைக் காட்டுங்க. அந்த எழுத்தைப் பிரிச்சுப் பாருங்க."

பிரித்தால் தெரிந்துவிடும். 'கொ' என்பதைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தை அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது எகரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியீடுகளாக வைக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது. யூனிகோடு தரம் இரண்டையும் சமம் என்றே கொள்கிறது. ஆனால் ஒப்பிடுவதற்கு முன் நிரல் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்த ஒரு வரி விட்டுப்போயிருந்தால் கொ, கோ, கௌ வரிசைச் சொற்களெல்லாம் கண்ணெதிரே இருந்தும் காணாமல் போகும். ஓராண்டாக இருவரும் வழு அறிக்கையில் "எனக்குச் சரியாக வருகிறதே" என்று எழுதிக்கொண்டிருந்திருப்பார்கள். மேசையில் அரை மணி நேரம். அடுத்த மேசையில் சொற்பிழை திருத்தி செய்கிறவர் காதில் இது விழுந்து, தம் நிரலையும் திறந்து பார்ப்பார். அந்தக் காதில் விழுதலுக்கு எந்த அட்டவணையிலும் கட்டம் போட முடியாது. மேசைகளை அருகருகே போட்டு வைக்கலாம், அவ்வளவுதான்.

புதன்கிழமைக்கு வருவோம். ஐந்து நாள் கூடலில் ஒரு நாளை ஊர் சுற்றக் கொடுப்பது வீண் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் குழுவில் இருப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். காலை எட்டரைக்குச் சிறு வேன்களில் கிளம்பினால் குறுகலான தோட்டச் சாலை வழியே சுங்கை பாலாஸ் போய்விடலாம். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டங்களில் ஒன்று அது. இந்தச் சரிவுகளைத் தேயிலையாக மாற்றியதில் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் உழைப்பு பெரிது. இன்று தோட்டத்தில் வேலை செய்கிறவர்களில் பலர் வங்காளதேசத்தையும் நேப்பாளத்தையும் இந்தோனேசியாவையும் சேர்ந்தவர்கள். தமிழுக்கு மென்பொருள் செய்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு அந்த மண்ணில் நடப்பது நல்லது. ஆலைக்குள், பறித்த இலையை உடனே உருளையில் போடமாட்டார்கள். பல மணி நேரம் காற்றில் வாட விடுவார்கள். ஈரம் வடிந்து துவண்ட இலைதான் உருட்டும்போது சுருளும். பச்சையாகப் போட்டால் நொறுங்கிவிடும். செவ்வாய் முழுக்கக் கேட்டதும் சண்டைபோட்டதும் புதன்கிழமை அப்படி வாடட்டும்.

வேனில் யார் யாரோடு என்பதை மட்டும் கலைத்துப் போடுங்கள்; இல்லாவிட்டால் ஒரே ஊர்க்காரர்கள் ஒன்றாக ஏறிவிடுவார்கள். வேறு எந்தத் திட்டமும் வேண்டாம். "நடந்துகொண்டே விவாதிப்போம்" என்று தலைப்பு கொடுத்து அதையும் அமர்வாக்கிவிடாதீர்கள். விடுதியிலேயே இருக்க விரும்புகிறவர்களை வற்புறுத்த வேண்டாம். முப்பது பேர் நடுவே இரண்டு நாள் இருந்ததில் களைத்தவர்கள் அவர்கள். பிரிஞ்சாங் சிகரம் வரை வண்டி போகும் சாலை உண்டு. பாசிக்காட்டுக்குப் போவதானால் அனுமதி நிலவரத்தை முன்பே விசாரியுங்கள். மதியத்துக்குள் திரும்பிவிட்டால் மழைக்குத் தப்பலாம். புதன் மாலை எதுவும் கிடையாது.

பச்சைக் கட்டம் உள்ள நாட்களில் மாலை ஐந்தே முக்காலுக்கு ஒரு மணி அடிக்க வேண்டும். கால் மணி நேரம், ஒவ்வொரு மேசையும் தான் பேசியதை நாலு வரியில் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும்: என்ன முடிவு, என்ன காரணம், யார் செய்வார், எது தீரவில்லை. வெற்று நேரத்தின் ஒரே கட்டாயம் இதுதான், இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். கூடலுக்கு வர முடியாதவர்கள் எண்ணிக்கை எப்போதும் வந்தவர்களைவிடப் பெரிது. விசா கிடைக்காதவர், கைக்குழந்தை உள்ளவர், விடுப்பு கிடைக்காதவர் என்று பலர் இருக்கிறார்கள். மேசையில் எடுத்த முடிவு எழுத்தில் ஏறாவிட்டால் திறந்த முறையில் நடக்கும் திட்டம் முப்பது பேரின் சொந்தச் சொத்தாகிவிடும். காரணம் எழுதப்படாத முடிவை ஏற்கவும் மறுக்கவும் அவர்களுக்கு வழியில்லை. எழுதும் பொறுப்பைப் புதியவர்களிடம் கொடுப்பது இரண்டு வகையில் நல்லது: புரியாததைக் கேட்க அவர்களுக்கு உரிமை கிடைக்கிறது, கேட்டு எழுதியது வெளியாருக்கும் புரிகிறது. ஆனால் தினமும் ஒருவரே எழுதக் கூடாது. அதுவும் பெண்கள் தலையில் அது விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை பார்த்தால் பலகையில் தாள்கள் குறைந்திருக்கும். பதற வேண்டாம். யாருக்கு என்ன வேண்டும் என்பது அதற்குள் அவரவருக்குத் தெரிந்துவிட்டிருக்கும். நேரே மேசைக்குப் போகிறார்கள். அன்று உங்களுக்கு ஒரு வேலைதான்: கூடத்தை ஒருமுறை சுற்றி வந்து, தனியாக உட்கார்ந்திருப்பவர் விரும்பித் தனியாக இருக்கிறாரா, போக இடமில்லாமல் இருக்கிறாரா என்று கேட்பது.

வெள்ளிக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை செய்ததைக் காட்டும் அமர்வு, ஆளுக்கு மூன்று நிமிடம். முடிந்த வேலை மட்டுமின்றி முடியாததையும் காட்டலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வியாழன் இரவு முழுக்கக் காட்சிக்காக வேலை நடக்கும். தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் பிறகு கடைசிப் பச்சைக் கட்டம். அரைகுறையாக நிற்பவற்றை யாரிடம் ஒப்படைப்பது என்று பேசித் தீர்க்க அது சரியாக இருக்கும். மாலை மணிக்கு வழக்கம்போல் எழுதி ஏற்றுங்கள்.

இறங்கிப்போன பிறகு மூன்றாவது வாரத்தில், வருமுன் வாங்கிய அந்த மூன்று வரிகளை எடுத்து அவரவருக்கே திருப்பி அனுப்பி, சிக்கல் தீர்ந்ததா, தீர்ந்தது என்றால் எந்த நாள் எந்த நேரத்தில் என்று மட்டும் கேளுங்கள். வரும் பதில்களை அந்தப் பெரிய தாளிலேயே குறியுங்கள். பத்து மணி உரையில் ஒரு குறிகூட விழவில்லை என்றால் அடுத்த முறை அந்த உரை வேண்டாம். பச்சைக் கட்டத்தில் விழுந்த குறிகள் எல்லாம் பழையவர்களுடையதாகவே இருந்தால் துணை சேர்க்கும் ஏற்பாட்டைத் திங்கட்கிழமையோடு நிறுத்தாமல் வியாழன்வரை நீட்டுங்கள்.